மார்கழியில் எழுப்பிவிட்ட பட்டாம்பூச்சிகள்

அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் இருவருக்கும் நடுவே பேச்சைச் சுமந்துகொண்டு நடந்தவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. ஆந்திராவில், குப்பம் டவுனிலிருந்து குடுபல்லிக்குப் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும்.

அத்தை என்றால் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அக்கா. எங்களுக்கு அடுத்த வீடு. மாமா லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார். அவர்கள் மகன் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். நைனாவோ விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். ஆகவே பகல் முழுக்க இரண்டு வீட்டிலும் சேர்த்து இரண்டே பெண்கள். அந்த இரண்டு பேருக்கும் பொதுவாக நான் ஒருத்தி.

சண்டைக்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தண்ணீர் பாய்ச்சும் முறை என்று ஒரு பேச்சு உண்டு. ஏதோ ஒரு விசேஷத்தில் அத்தையை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள், அதை அம்மா பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள் என்று இன்னொரு பேச்சு. நைனாவிடம் கேட்டால், "ரெண்டு பேரும் ஒரே மாதிரி. வேற இன்னா காரணம் வேணும்?" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

பேச்சை நிறுத்தலாம், ஷெட்டை நிறுத்த முடியாது. பட்டுப்புழு வளர்க்கும் ஷெட் இரண்டு வீட்டுக்கும் பொது. நைனாவும் மாமாவும் சேர்ந்து கட்டியது. நீளமான ஒரே கூடம். நடுவில் வழி. இடது பக்க அடுக்குகள் எங்களுடையவை, வலது பக்க அடுக்குகள் அத்தையுடையவை. ஆனால் புழுக்களுக்கு எல்லை கிடையாது. ஒரு பக்கம் நோய் வந்தால் மறுபக்கமும் போய்விடும். ஒரு பக்கம் குளிர்ந்தால் மறுபக்கமும் குளிரும். அதனால் இருவரும் தினம் மூன்று வேளை ஒரே கூரைக்குக் கீழே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் வழியாகப் பேசினார்கள்.

"ஏன்டி, உங்கம்மா இலைய ஈரத்தோட போட்டுக்கினு கீறா. புழு வயிறு போயி சாவும்னு சொல்லு."

நான் நாலு எட்டு நடந்து அம்மாவிடம் போவேன். "அம்மா, இலைய இன்னும் கொஞ்சம் தொடைச்சா நல்லா இருக்கும்னு அத்த சொல்லுது."

"தொடைக்க எனக்கு கீறது ரெண்டு கைதான்னு சொல்லு. வாய் மட்டும் வேல செஞ்சா இலை காயாதுன்னு சொல்லு."

நான் மறுபடி நாலு எட்டு நடப்பேன். "அத்த, அம்மாவுக்கு கை வலிக்குதாம். கொஞ்சம் கூட வந்தீங்கன்னா சீக்கிரம் ஆயிடுமாம்."

அத்தை ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மல்பெரி இலையைத் துடைக்க ஆரம்பிப்பாள். நான் பெருமையோடு நிற்பேன். பேச்சை எப்படி வளைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது என்று நினைத்துக்கொள்வேன். இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும், நடுவில் இருந்தது நாலே எட்டு தூரம் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் மார்கழி மார்கழியாக இல்லை. எங்கள் பக்கத்தில் மார்கழி என்றால் காலையில் பனி மூடும், பத்து மணிக்குள் வெயில் வந்து சுள்ளென்று உறைக்கும். அந்த வருஷம் ஒரு வாயுகுண்டம் போனால் அடுத்தது வந்தது. புயல் சின்னத்துக்கு எங்கள் ஊர் டிவியில் அதுதான் பெயர். கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்கிற எங்களுக்குப் புயல் வராது, அதன் மிச்சம் வரும். தூறலும் ஊதல் காற்றுமாக நாள் கணக்கில் வானம் திறக்கவே இல்லை. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் தொங்கி நாற்றமடித்தது. நாய் அடுப்புச் சாம்பலை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் இரண்டு நாள் நடந்தால் ஒரு நாள் விடுமுறை.

அந்தச் சமயத்தில்தான் ஷெட்டில் புழு இருந்தது. பட்டுப்புழு ரொம்பச் செல்லம் கொண்டாடும் ஜாதி. குளிர்ந்தால் இலையைத் தொடாது, ஈர இலை தின்றால் நோய் வரும், புகை பட்டால் சுருண்டுவிடும். அத்தை அடுப்புக்கரியைக் கும்மட்டிச் சட்டியில் போட்டு வெளியே வைத்து, புகை முழுக்க அடங்கித் தணல் சிவக்கும்வரை விசிறி, பிறகே கும்மட்டியை உள்ளே தூக்கி வருவாள். அம்மா ஜன்னல்களுக்கு வலைக்கு மேலே கோணிப்பையும் கட்டினாள். சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாசலில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தட்டு. அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது, நைனா உட்பட. வெளியே எங்கள் ஊரே நடுங்கிக்கொண்டிருக்க, உள்ளே புழுக்களுக்கு மட்டும் சித்திரை மாதம்.

எனக்கும் சொந்தமாகப் புழுக்கள் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு எலுமிச்சை மரம். அதில் வரும் புழுக்களை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். சின்னதாக இருக்கும்போது அவை காக்கை எச்சம் போல அசிங்கமாக இருக்கும். பெரிதானதும் ஒரே நாளில் பச்சைச் சட்டை போட்டுக்கொள்ளும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி வாசனை வரும். பிறகு ஒருநாள் குச்சியில் தலை மேலாக ஒட்டி, மரமேறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டிச் சாய்ந்து நிற்பது போல, ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து, கூடாகிவிடும். ஐப்பசியில் நான் பார்த்து வைத்திருந்த கூடு எட்டே நாளில் திறந்தது. கறுப்பில் மஞ்சள் பொட்டு வைத்த பட்டாம்பூச்சி வந்தது. அதனால் எட்டு நாள் என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

இந்த முறை ஐந்து கூடுகள். எட்டு நாள் போயிற்று. பத்து, பதினைந்து, பத்தொன்பது நாள் போயிற்று. ஒன்றும் திறக்கவில்லை. விரலால் லேசாகத் தொட்டால் வயிற்றை ஒரு தரம் அசைத்துவிட்டு மறுபடி சும்மா இருக்கும். தூறலில் நனைந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்த அவற்றைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. குளிரில் விறைத்துச் செத்துப்போகும் என்று பயந்தேன்.

இருபதாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. பட்டாம்பூச்சி என்கிறோம். பட்டுப்புழு என்கிறோம். அதிலும் பட்டு, இதிலும் பட்டு. இரண்டும் உறவாகத்தான் இருக்க வேண்டும். உறவுக்காரர் வீட்டில் கதகதப்பாகக் கும்மட்டி எரியும்போது இவை மட்டும் ஏன் மழையில் நிற்க வேண்டும்?

அன்று ஷெட்டில் புழுக்கள் நாலாவது தடவையாகத் தோலுரிக்கப் படுத்திருந்தன. அந்த ஒரு நாள் அவற்றுக்கு இலை போடக்கூடாது, தொந்தரவு செய்யக்கூடாது. ஆகவே உள்ளே யாரும் இல்லை. நான் காய்கறிக் கத்தியால் ஐந்து குச்சிகளையும் ஜாக்கிரதையாக அறுத்தேன். வாசலில் காலை இரண்டு தரம் நனைத்தேன். குச்சிகளின் அடியையும் ப்ளீச்சிங் தண்ணீரில் நனைத்தேன். இவ்வளவு சுத்தம் பார்த்தபிறகு அது குற்றம் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கும்மட்டிக்குப் பக்கத்து ஜன்னலில், வலைக்கும் கோணிக்கும் நடுவில் ஐந்தையும் நூலால் கட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் செய்த வேலையைப் பார்த்து அம்மாவே ஆச்சரியப்பட்டாள். கூப்பிடாமலே ஷெட்டுக்கு வந்தேன். மல்பெரிக் கிளைகளை உதறினேன், துடைத்தேன், மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன். நடுநடுவே கோணியை விலக்கிப் பார்த்துக்கொண்டேன். நாலாம் நாள் ஒரு கூட்டின் தோல் வழியே கறுப்பும் மஞ்சளும் தெரிந்தது. எனக்கு இரவு சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை. பள்ளிக்கூடம் இல்லை. அம்மா எங்கள் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அவள் பக்கத்தில் சுண்ணாம்புத்தூள் தூவிக்கொண்டிருந்தாள். நான் நடுவழியில் கிளைகளை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது கோணியின் ஓரத்திலிருந்து ஒரு பட்டாம்பூச்சி வெளியே நடந்து வந்தது. ஆமாம், நடந்துதான் வந்தது. சிறகை இரண்டு தரம் விரித்து மடித்துப் பார்த்தது. பிறகு கும்மட்டிச் சூட்டில் மேலே கிளம்பி, அத்தையின் அடுக்குகள் மேலாக, ஏதோ தன் தோட்டம் போல, அலைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

அத்தை சுண்ணாம்புத் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"ஏன்டி, ஷெட்டுக்குள்ள பூச்சி பூந்துக்கினு கீது. உங்கம்மா கதவ ஒய்ங்கா மூடலன்னு சொல்லு."

அம்மா திரும்பாமலே, "வல எந்தப் பக்கம் கிய்ஞ்சி கீதுன்னு போயி பாக்கச் சொல்லு. எங்க பக்கம் நேத்துதான் தச்சேன்னு சொல்லு" என்றாள்.

"நான் தெனம் பாக்குறேன். அவ பாக்குறாளான்னு கேளு. இன்னிக்கு இது வந்துச்சி, நாளைக்கு ஊசி ஈ வரும். ஒரு ஈ பூந்தா போதும், புழு மேல முட்ட வெச்சி மொத்தத்தையும் காலி பண்ணிடும்னு சொல்லு."

"கும்மட்டிய தூக்கிக்கினு தொறந்து தொறந்து மூடுறது யாருன்னு கேளு."

வழக்கமாக நாலு எட்டு நடக்க வேண்டிய நான் அன்று நகரவில்லை. இந்தப் பேச்சை எப்படி வளைத்தாலும் அது யாரோ ஒருவர் தலையில்தான் விழும். செய்தவள் நடுவில் நிற்கிறாள். மூன்றாவது பட்டாம்பூச்சி அம்மாவின் தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் கொண்டாந்து வெச்சேன்" என்றேன். "எலுமிச்ச மரத்துலேந்து. அதுங்களுக்கு குளிரா இருந்துச்சி."

 

அத்தை சுண்ணாம்புக் கையோடு நேராக அம்மாவைப் பார்த்தாள். "கேட்டியாம்மா உன் பொண்ணு பண்ணியிருக்குற வேலைய?"

"எல்லாம் நீங்க குடுத்த செல்லம்தான் அண்ணி" என்றாள் அம்மா. "கேக்கும்போதெல்லாம் மரத்தாண்ட உட்டுட்டு வேடிக்க பாத்தீங்க."

"நான் மரத்தாண்டதான் உட்டேன். ஷெட்டாண்ட உட்டது யாரு?"

"சரி, இப்ப இன்னா பண்றது? புழுவுக்கு எதுனா ஒட்டிக்கினு இருக்குமா?"

"முதல்ல அந்த ஜன்னலாண்ட கீற தட்டெல்லாம் எறக்கு. நான் சுண்ணாம்பு போடுறேன். நீ கோணிய அவுத்து எரிச்சிடு."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் திட்டு மட்டும்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் திட்டு வந்தால் எந்தக் குழந்தைக்கு வேறு ஏதாவது காதில் விழும்? அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். இனி ஷெட் வாசலை மிதிக்கக்கூடாது என்றாள். அத்தை அதையும் ஆமோதித்தாள்.

சோற்றை மூடி வைக்கிற வலைக்கூடையால் அத்தை பட்டாம்பூச்சிகளைப் பிடித்தாள். மொத்தம் நாலு. ஐந்தாவது கூடு திறக்கவே இல்லை, உள்ளே காய்ந்துபோயிருந்தது. கூடையை வெளியே கொண்டுபோய் எலுமிச்சை மரத்தடியில் திறந்து விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவை பறக்கும் என்று நினைத்தேன். ஊதல் காற்று அடித்தது, தூறல் விழுந்தது. நாலும் ஈரக் காகிதம் போலத் தரையில் ஒட்டிக்கொண்டன. ஒன்று சிறகைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை.

"அத்த, பறக்க மாட்டேங்குது" என்றேன்.

"எப்பிடி பறக்கும்? வெயிலு இல்ல. சூடு இல்லாம றெக்க ஆடாது. பூ எங்கனா கீதா பாரு. மழைக்கு எல்லாம் கொட்டிப்போச்சி. அதுங்க பாட்டுக்கு உள்ள தூங்கிக்கினு இருந்துச்சிங்க. நீ எய்ப்பி உட்டுட்ட. இப்ப எய்ந்து இன்னாத்த துன்னும்?"

 குளிரில் அவை சாகப்போகின்றன என்று நினைத்தேன். அவை குளிர் போகட்டும் என்று காத்திருந்தன. நானோ பக்கத்தில் கும்மட்டியை வைத்து, வெயில் காலம் வந்துவிட்டது, எழுந்திரு என்று பொய் சொல்லிவிட்டேன். இவ்வளவு தெளிவாக அப்போது எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் கிடந்த நாலையும் பார்த்தபோது ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. அத்தை சொன்னதை விட அதுதான் வலித்தது.

திட்டிக்கொண்டே அத்தை குனிந்தாள். ஒவ்வொன்றாகச் சிறகு கசங்காமல் எடுத்துக் கூடைக்குள் விட்டாள். "எங்கூட்டு அடுப்பாண்ட வையி. சக்கரத் தண்ணிய பஞ்சுல நனைச்சி உள்ள போடு. அடுப்பு மேல வைக்காத, ஓரமா வையி. புகை படக்கூடாது" என்றாள். பட்டுப்புழுவுக்குச் சொல்கிற அதே பத்தியம்.

நான் மூன்று நாள் அத்தை வீட்டு அடுப்போரத்தில் குடியிருந்தேன். பஞ்சில் வைத்த சர்க்கரைத் தண்ணீரை முதலில் ஒன்றும் தொடவில்லை. அத்தை ஈர்க்குச்சியின் நுனியால் ஒன்றின் சுருண்ட குழலை மெல்ல நீட்டிப் பஞ்சின் மேல் வைத்தாள். அது குடித்தது. மற்றவற்றுக்கும் அப்படியே செய்தோம். இரண்டாம் நாள் ஒன்று செத்துப்போயிற்று. இன்னொன்றின் கீழ்ச் சிறகு விரியும்போதே மடங்கிவிட்டது, அதனால் எப்போதும் பறக்க முடியாது என்று தெரிந்தது. அது கூடைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

இதே மூன்று நாளும் ஷெட்டில் அம்மாவும் அத்தையும் புழுக்களைப் பார்த்தபடி இருந்தார்கள். நோய் வந்தால் மூன்று நாலு நாளில் தெரிந்துவிடும். புழு நீர்கோத்து மினுமினுக்கும், இலையை விட்டு ஓரத்துக்கு ஊரும். எனக்கு உள்ளே போகத் தடை. வெளியே நின்று வலை வழியே அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் புழுக்களின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரும் ஒரே புழுத் தட்டின் மேல் குனிந்திருப்பார்கள். இரண்டு முகமும் ஒரே மாதிரி சுருங்கியிருக்கும். நான் சாமிக்கு வேண்டிக்கொண்டேன். புழு பிழைத்தால் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே வருகிறேன் என்றேன். அலிபிரி எவ்வளவு தூரம், படி எத்தனை என்றெல்லாம் எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் வானம் திறந்தது. பதினைந்து இருபது நாளாகக் காணாமல் போயிருந்த வெயில் ஒன்றும் நடக்காதது போல வந்து கொல்லையில் உட்கார்ந்தது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மூடியைத் திறந்தேன். சிறகு நன்றாக இருந்த இரண்டு பட்டாம்பூச்சிகளும் அதை அகல விரித்து வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. ஒன்று கிளம்பிற்று, பிறகு மற்றது. கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சாமந்தி போட்டிருந்தார்கள். மழையில் பாதி அழுகி, மீதி இப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் அங்கே போயின. மடங்கிய சிறகுக்காரனை நான் ஒரு சாமந்திப் பூவின் மேல் வைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை.

ஷெட்டில் நோய் வரவில்லை. ஆனால் வேறு தொல்லை வந்தது. குளிரில் மந்தமாகக் கிடந்த புழுக்கள், வழக்கமாக நாலாவது தோலுரித்த பிறகு ஏழெட்டு நாளில் தின்று முடித்துக் கூடு கட்டப் போக வேண்டியவை, பத்து நாளாகியும் தின்றுகொண்டே இருந்தன. அதிலும் வெயில் வந்ததும் இத்தனை நாள் விட்ட பசிக்கும் சேர்த்துத் தின்றன. எங்கள் தோட்டத்தில் இலை தீர்ந்துவிட்டது. வெட்டிய குச்சிகள் மொட்டையாக நின்றன. அத்தை தோட்டத்தில் ஒரு பாதி இருந்தது. அது அவள் அடுத்த முறைக்கு என்று வைத்திருந்தது. கேட்டு விடலாம்தான். ஆனால் கேட்பதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? நானோ தள்ளி வைக்கப்பட்டவள். அம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் மொட்டைக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை தலையில் ஒரு பெரிய இலைக்கட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா ஓடிப்போய்க் கட்டை இறக்கினாள்.

"இது உங்க அடுத்த பேட்ச்சுக்கு வெச்சது ஆச்சே அண்ணி."

"அடுத்தத அப்புறம் பாத்துக்கலாம். இதுங்க துன்னட்டும். பாதிக் கூட்ட கட்டிட்டு செத்துச்சின்னா யாருக்கு இன்னா பிரயோஜனம்?"

"எங்க பக்கத்துதுதான் ஜாஸ்தி துன்னுது."

"துன்னட்டும். வயிறுக்கு இன்னா எங்க பக்கம், உங்க பக்கம்?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலைக்கட்டிலிருந்து தூசி விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

புழுக்கள் கூடு கட்டும் பருவம் சரியாகப் பொங்கலன்று வந்தது. உடம்பு மஞ்சளாகக் கண்ணாடி போல ஆன புழுக்களைப் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டிகளில் விட வேண்டும். தாமதித்தால் கண்ட இடத்தில் நூலைக் கக்கிவிடும். ஆகவே அன்று என் தடையும் நீங்கியது. நைனாவும் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் பொறுக்கினோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அத்தை வீட்டு வாசலில் ஒரே பானைப் பொங்கல் வைத்தார்கள். நேரம் இல்லாததால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பானை வைத்தால் இரண்டு தரம் தின்னலாமே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

கூடுகள் பருவம் தப்பிக் கட்டியவை, கொஞ்சம் மெலிதாகத்தான் இருந்தன. ஆனாலும் வெள்ளை வெளேரென்று தட்டி தட்டியாக நிறைந்தன. மூட்டையில் போட்டுக் குப்பம் மார்க்கெட்டுக்கு அனுப்பும் முன்னால் நான் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே லொடலொடவென்று ஆடிற்று.

"அம்மா, இதுலேந்தும் றெக்க வெச்சி வருமா?"

"வந்தா கூடு ஓட்டையாயிடும். அப்புறம் நூலு எடுக்க முடியாது" என்றாள் அம்மா. "அதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்து அத்தையைப் பார்த்தாள்.

"போயி கை கால கய்வு" என்றாள் அத்தை.

கூடுகளைக் கொதிநீரில் போடுவார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பேச்சிலிருந்து வெளியே அனுப்பினார்கள் என்பதுதான் பட்டது. அது என் மனதில் முள்ளாக நின்றது.

அதன்பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். தை முடிந்து மாசி பிறந்தது. யாரும் என்னைத் தூது அனுப்பவில்லை. "போய் சொல்லு", "போய் கேளு" என்று ஒருவரும் கூப்பிடவில்லை. புதுப் பேட்ச் புழு வந்தது. அத்தை தெர்மாமீட்டரைப் பார்த்து, காற்றிடம் சொல்வது போல, "இருபத்தி அஞ்சி" என்றாள். அம்மா, "சரி அண்ணி" என்றாள். நான் நடுவழியில் தயாராக நின்றேன். இருவரும் என்னைத் தாண்டிப் பேசினார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். எலுமிச்சை மரம் பூத்திருந்தது. அதில் நான் பார்க்காமல் விட்டிருந்த கூடுகள் எங்கோ இலை மறைவில் இருந்திருக்க வேண்டும். அன்று மரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பட்டாம்பூச்சிகள், எல்லாம் கறுப்பில் மஞ்சள் பொட்டு. யாரும் எழுப்பாமல் தாமாக எழுந்தவை. சொல்வதற்காக ஓடினேன். அம்மாவும் அத்தையும் வரப்பில் உட்கார்ந்து இலை கிள்ளிக்கொண்டே ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

நான் வந்த விஷயத்தை மறந்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "அத்தகிட்ட எதுனா சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல. போயி சோறு துன்னு."

அத்தையிடம் திரும்பினேன். "அம்மாகிட்ட?"

"நானே சொல்லிக்கிறேன் போ."

நான் திரும்பி வந்து எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். நாலே நாலு பட்டாம்பூச்சிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று இருந்தது. இனி இரண்டு பேரும் என்னை எதற்கும் நம்பப்போவதில்லை. வரப்பில் அத்தை என்னவோ சொன்னாள், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.